ஃபேஷன் கலையா, வெறும் சரக்கா? 51-வது சேலையில் மாறிப்போகும் பதில்!

நியூயார்க் மியூசியத்தில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் கவுன் கலை. தாரமங்கலம் தறியில் ஏறும் சேலை டிசைன் மட்டும் சரக்கா? இந்தக் கேள்விக்குத் தத்துவம் ஒரு பதில் சொல்கிறது, சட்டம் வேறு பதில் சொல்கிறது. இதில் நெசவாளருக்கும் இளம் டிசைனருக்கும் என்ன லாபம், என்ன நஷ்டம்? விரிவாகப் பார்ப்போம்.

ஓமலூரில் இருந்து தாரமங்கலம் வழியாக இளம்பிள்ளை பக்கம் போனால், தறிச் சத்தம் காதில் விழாமல் இருக்காது. இளம்பிள்ளையில் ஒரு சேலையை எடுத்துப் புரட்டினால் 'ஆர்ட் சில்க்' என்ற வார்த்தை கண்ணில் படலாம். ஆர்ட் என்றதும் கலை என்று நினைத்துவிட வேண்டாம். அது 'ஆர்ட்டிஃபிஷியல்' என்பதன் சுருக்கம். செயற்கைப் பட்டு, அவ்ளோதான்.

சரி, அந்தச் சேலையின் முந்தியில் ஓடும் கொடியை யாரோ ஒருவர் யோசித்து வரைந்திருக்கிறாரே, அதற்கு என்ன பெயர்? ஓவியம் வரைந்தால் ஓவியர், கதை எழுதினால் எழுத்தாளர். சேலைக்குக் கொடி வரைந்தவரை நாம் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. அவர் யார் என்றே தெரியாது.

'ஃபேஷன் ஒரு கலையா?' என்பது காலேஜ் பட்டிமன்றத் தலைப்பு மாதிரி தோன்றலாம். ஆனால், 'கலை' என்ற முத்திரை விழுந்தால் பெயர், காசு, சட்டப் பாதுகாப்பு மூன்றும் கூடவே வரும். விழாவிட்டால் மூன்றும் இல்லை. விவகாரம் அங்கேதான் இருக்கிறது.

முதலில், ஃபேஷன் என்றால் என்ன?

மூன்று விஷயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று, கைவினை. தறியில் உட்கார்ந்து பாவையும் ஊடையையும் சேர்த்து நெய்யும் திறமை. இரண்டு, டிசைன். எந்த நிறம், எந்தப் புட்டா, பார்டர் எவ்வளவு அகலம் என்ற முடிவு. மூன்று, ஃபேஷன். அந்த டிசைன் ஒரு காலத்தில் ஊர் முழுக்கப் பரவி, 'இப்போ இதுதான் ட்ரெண்ட்' என்று ஆகி, பிறகு மெல்ல மறைவது.

இந்த மூன்றாவதுதான் ஃபேஷனை மற்ற கலைகளிடம் இருந்து பிரிக்கிறது. யாருமே பார்க்காவிட்டாலும் ஓர் ஓவியம் ஓவியம்தான். யாருமே உடுத்தாத ஆடை ஃபேஷன் ஆகாது. அது பரவியே ஆக வேண்டும்.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? 1985-ல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு தமிழ்நாடே 'நதியா கம்மல்', 'நதியா வளையல்' என்று கேட்டு வாங்கியது. போட்டு நடித்தவரின் பெயர் இன்று வரை நிற்கிறது. அந்தக் கம்மலை வடிவமைத்த கையின் பெயரை யாராவது கேட்டோமா? அங்கேயே நம் பழக்கம் தெரிந்துவிடுகிறது. ஃபேஷனில் உடுத்தியவருக்குப் பெயர், செய்தவருக்கு இல்லை.

'கலை இல்லை' என்பவர்களின் வாதம்

மூன்று வாதங்கள் திரும்பத் திரும்ப வரும்.

1. ஆடைக்குப் பயன் இருக்கிறது. உடம்பை மறைக்க, குளிர் தாங்க, வேலைக்குப் போக. கலைக்கு அப்படி ஒரு வேலை இருக்கக் கூடாது என்பது இந்தத் தரப்பு.

இந்த எண்ணம் உலகம் தோன்றிய நாளில் இருந்து இருந்ததல்ல. 1746-ல் ஷார்ல் பத்தோ என்ற பிரெஞ்சு அறிஞர், இன்பம் தரும் 'நுண்கலைகள்' என்று சிலவற்றைத் தனியாக வகுத்து ஒரு நூல் எழுதினார். இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் எல்லாம் அதில் உள்ளே வந்தன. தறியும் தையலும் வெளியே நின்றன. இன்று ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ் தனி, ஃபேஷன் டெக்னாலஜி தனி என்று நாம் பழகியிருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

நம் பக்கம் கணக்கு வேறு. 'ஆய கலைகள் 64' என்கிறோமே, அதில் வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் தரும் பட்டியலைப் பாருங்கள். பாட்டு, ஆட்டம், ஓவியத்துடன் ஊசி வேலை, மாலை கட்டுவது, துணிக்குச் சாயம் ஏற்றுவது, ஒப்பனை செய்து உடுத்துவது எல்லாம் அதில் உண்டு. பழைய நிகண்டுகளில் 'கலை' என்ற சொல்லுக்கே ஆடை என்ற பொருளும் இருக்கிறது. 'நூல்' என்றால் புத்தகமும்தான், இழையும்தான். வார்த்தையிலேயே நாம் இவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை.

2. அது வியாபாரம். சீசனுக்குச் சீசன் மாற்றி விற்கப்படுவது எப்படிக் கலையாகும் என்ற கேள்வி.

சினிமா வியாபாரம் இல்லையா? சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-ல் தொடங்கியது. நவீன ஓவியத்தில் தென்னிந்தியாவின் பெரிய அடையாளம் அது. அந்த ஓவியர்கள் ஓவியத்தை மட்டுமே நம்பிப் பிழைக்க முடியாமல், பாத்திக் துணி உள்ளிட்ட கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்தக் காசுதான் கிராமத்துக்கு அடித்தளம். அதாவது, துணி விற்ற காசில் கலை வளர்ந்திருக்கிறது.

3. ஒன்றையே ஆயிரம் செய்கிறார்கள். கலை என்றால் 'ஒரே ஒரு பிரதி' இருக்க வேண்டும் என்பது. போட்டோவும், அச்சு ஓவியமும், சினிமாவும் வந்த பிறகு இந்த வாதம் பலவீனமாகிவிட்டது. ஆனால், இது செத்துவிடவில்லை. நம் சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மியூசியம் எப்போது கதவைத் திறந்தது?

நியூயார்க்கில் 1937-ல் ஆடைக் கலைக்கென்றே ஒரு மியூசியம் தொடங்கப்பட்டது. 1946-ல் அது புகழ்பெற்ற மெட்ரோபாலிட்டன் மியூசியத்துடன் இணைந்தது. அதற்கு நிதி திரட்ட 1948-ல் ஆரம்பித்த விருந்துதான், இன்று மே மாதம் ஆனால் நம் இன்ஸ்டா ஃபீடை நிரப்பும் 'மெட் காலா'. மெட் மியூசியத்தின் 2026 ஆடைக் கண்காட்சிக்கு 'காஸ்ட்யூம் ஆர்ட்' என்றே பெயர்.

கூட்டமும் சும்மா இல்லை. அலெக்சாண்டர் மெக்வீன் என்ற ஆடை வடிவமைப்பாளரின் படைப்புகளை 2011-ல் மெட் மியூசியத்தில் 6.6 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். 2015-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு அதே கண்காட்சி போனபோது சுமார் 4.93 லட்சம் பேர். கடைசி நாட்களில் ராத்திரி முழுக்கக் கதவைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவிலும் இந்தக் கோடு அடிக்கடி அழிந்திருக்கிறது. 'காந்தி' படத்துக்காக 1983-ல் ஆஸ்கர் வாங்கிய பானு அதையா, இந்தியாவின் முதல் ஆஸ்கர் வெற்றியாளர். அவர் முதலில் ஓவியர். மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்து, எம்.எஃப். ஹுசேன், எஃப்.என். சோசா போன்றவர்கள் உருவாக்கிய முற்போக்கு ஓவியர் குழுவின் கண்காட்சியில் இடம்பெற்றவர். ஓவியத்தை விட்டு ஆடைக்கு வந்தார். கலையை விட்டு வந்துவிட்டார் என்று சொல்ல முடியுமா?

மிருணாளினி முகர்ஜி சணல் கயிறுகளை முடிச்சுப் போட்டே ஆள் உயரச் சிற்பங்கள் செய்தவர். 2019-ல் மெட் மியூசியம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. கயிறும் முடிச்சும் அங்கே போனால் சிற்பம் ஆகிவிடுகிறது.

இதில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறதா? மியூசியத்துக்குள் போன ஒவ்வொன்றும் ஒருவரின் பெயரோடு போகிறது. மெக்வீன், பானு, மிருணாளினி. பெயர் இருந்தால் கலை, பெயர் இல்லாவிட்டால் 'பாரம்பரியம்'.

தாரமங்கலத்தில் கல்லும் நூலும்

ஓமலூருக்குப் பக்கத்தில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். கட்டி முதலிகள் காலத்துத் திருப்பணி. ரதி மன்மதன், வாலி சுக்ரீவன் சிற்பங்களைப் பார்க்கவே வெளியூரில் இருந்து வருகிறார்கள். அந்தச் சிற்பங்களின் இடையில் ஆடையும் அணியும் கல்லில் இறங்கியிருக்கும் நேர்த்தியை 'கலைநயம்' என்று சொல்ல நாம் ஒரு நொடிகூடத் தயங்குவதில்லை.

அதே ஊரில் தறியில் பட்டு நெய்பவர்களும் இருக்கிறார்கள். கல்லில் செதுக்கிய ஆடை கலை, நூலில் நெய்த ஆடை மட்டும் 'தொழில்' என்றால் எங்கேயோ இடிக்கிறது இல்லையா?

'சிற்பத்தில் சிற்பியின் கற்பனை இருக்கு, தறியில் அட்டை சொன்னபடி நெய்றாங்க, அவ்ளோதானே' என்று கேட்கலாம். அட்டை என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி, பிரான்ஸில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த கருவியின் வழித்தோன்றல். டிசைனை முதலில் கட்டம் போட்ட காகிதத்தில் வரைவார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்வி. இந்த இடத்தில் பாவு நூல் மேலே வர வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா? அந்தப் பதில்கள் அட்டையில் ஓட்டைகளாகக் குத்தப்படும். ஓட்டை இருந்தால் கொக்கி நூலைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. கம்ப்யூட்டரின் '1, 0' கணக்குக்கு இதைத்தான் முன்னோடி என்பார்கள். இப்போது பல இடங்களில் அட்டைக்குப் பதில் கம்ப்யூட்டர் டிசைனும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டும் வந்துவிட்டன.

ஆக, ஒரு மயில் புட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன முடிவுகள் இருக்கின்றன. வளைந்த கழுத்தைச் சதுரக் கட்டங்களால் வரைய வேண்டும். ஒரு கட்டம் தள்ளினால் மயில் கோழியாகிவிடும். ஜரிகை எங்கே மின்ன வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பது கணக்கு இல்லை, ரசனை. நெய்பவரின் பங்கும் குறைவில்லை. கோர்வை போட்டு நெய்யும் பட்டுச் சேலையில் உடலும் பார்டரும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓடும், பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் வேண்டும். இரண்டு நிறமும் சேரும் இடம் பிசிறில்லாமல் வருவது கை சொல்கிறபடிதான்.

நம் வெண்கலச் சிலைகளையும் யோசித்துப் பாருங்கள். சோழர் காலத்து உற்சவ மூர்த்திகள் 'சும்மா பார்க்க' செய்யப்பட்டவை இல்லை. வழிபாட்டுக்கும் வீதி உலாவுக்கும் செய்யப்பட்டவை. கோயிலில் அவற்றுக்குப் பட்டுச் சாத்துவார்கள், நகை பூட்டுவார்கள். மியூசியத்தில் பட்டு இல்லை, வெண்கலம் மட்டும் நிற்கிறது. அதைத்தான் உலகம் மகத்தான கலை என்கிறது. பயன்பாட்டுப் பொருள் கலையாக முடியாது என்ற வாதம் இங்கே நொறுங்குகிறது. செய்தவர் பெயர் தெரியாவிட்டால் கலை இல்லை என்ற பழக்கமும்தான். அந்தச் சிற்பிகளின் பெயரும் நமக்குத் தெரியாதே.

சட்டம் சொல்லும் நம்பர்: 50

இனி நேராக விஷயத்துக்கு வருவோம். தத்துவம் எப்படி வேண்டுமானாலும் பேசட்டும், இந்தியச் சட்டம் இந்தக் கேள்விக்கு ஒரு நம்பர் வைத்திருக்கிறது.

பதிப்புரிமைச் சட்டம், 1957. 'கலைப் படைப்பு' என்றால் ஓவியம், சிற்பம், வரைபடம், போட்டோ, கட்டடக்கலை, கலைத்திறன் உள்ள கைவினை என்று பட்டியல் போடுகிறது. ஓவியத்துக்கும் போட்டோவுக்கும் கலைத்தரம் இருக்கிறதா, இல்லையா என்று சட்டம் கேட்பதே இல்லை. நீங்கள் கிறுக்கினாலும் பாதுகாப்பு உண்டு. படைத்தவரின் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு 60 வருடம். பதிவுகூடத் தேவையில்லை.

ஆனால், அதே சட்டத்தின் 15-வது பிரிவு ஒரு கதவை மூடுகிறது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத் தகுதியுள்ள ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டு, அதை வைத்து 50 தடவைக்கு மேல் பொருள் தயாரித்துவிட்டால், அந்த டிசைனின் பதிப்புரிமை முடிந்துவிடும்.

நீங்கள் ஓமலூரில் இருக்கும் ஓர் இளம் டிசைனர் என்று வைத்துக்கொள்வோம். டேப்லெட்டில் ஒரு சேலை டிசைன் வரைகிறீர்கள்.

* வரைந்த நிமிடமே அது கலைப் படைப்பு. பதிப்புரிமை உங்களுடையது.
* தறிக்குக் கொடுக்கிறீர்கள். 50 சேலை வரை பிரச்சினை இல்லை.
* 51-வது சேலை இறங்கியதும், சேலை டிசைன் என்ற அளவில் உங்கள் பதிப்புரிமை போய்விடும். யார் வேண்டுமானாலும் காப்பி அடிக்கலாம்.
* முன்பே வடிவமைப்புகள் சட்டம், 2000-ன் கீழ் பதிவு செய்திருந்தால்? பதிப்புரிமை கிடையாது, ஆனால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் டிசைன் உரிமை உங்களுடையது.
* பதிவுக்கு முன்பே 'நியூ அரைவல்' என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாவிலும் போட்டுவிட்டால்? 'புதியது' என்ற தகுதியே கேள்விக்குள்ளாகும். ஏற்கெனவே வெளியான டிசைனைப் பதிவு செய்ய முடியாது.

கோர்ட்டுகளும் இந்தக் கோட்டைப் பிடித்துத்தான் நடந்திருக்கின்றன. 2008-ல் டிசைனர் தருண் தஹிலியானியின் நிறுவனம் தொடுத்த வழக்கில், உற்பத்தி 50-ஐத் தாண்டவில்லை என்பதால் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் தரப்பின் பதிப்புரிமையை ஏற்றது. 2009-ல் சோபா துணி டிசைன் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில், தொழில் உற்பத்திக்கென்றே உருவான டிசைனுக்கு வடிவமைப்புச் சட்டம்தான் வழி என்றது. 2016-ல் ரிது குமார் பிராண்டை நடத்தும் நிறுவனம், பிபா நிறுவனத்துக்கு எதிராகப் போட்ட வழக்கிலும் 50-ஐத் தாண்டிய டிசைனுக்குப் பதிப்புரிமை இல்லை என்று முடிந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த 15-வது பிரிவுக்கு ஒரு சோதனை முறையை வகுத்துக் கொடுத்தது. முதலில், அது தனித்து நிற்கும் கலைப் படைப்பா, அல்லது பொருளின் மேல் ஏற்றப்பட்ட டிசைனா என்று பார்க்க வேண்டும். அதிலும் தெளிவாகாவிட்டால், பொருளில் மேலோங்கி நிற்பது பயனா, அழகா என்று பார்க்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கு சேலையைப் பற்றியது இல்லை. எரிவாயு ஏற்றும் டிரெய்லர் லாரியைப் பற்றியது!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பத்து விசைத்தறி, தறிக்கு நாளுக்கு ஒரு சேலை என்று குறைத்து வைத்தாலே 50 சேலைக்கு ஐந்து நாள். அதே டிசைனை ஒரே ஒரு கைத்தறியில், சேலைக்குப் பத்து நாள் என்று நெய்தால் 500 நாள். இரண்டுக்கும் சட்டத்தில் ஒரே நம்பர்தான். டிசைனைக் கையால் ஏற்றினாலும் மெஷினால் ஏற்றினாலும் வடிவமைப்புச் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே.

முரண் இதுதான். பரவினால்தான் அது ஃபேஷன். பரவிவிட்டால் அது கலை இல்லை என்கிறது சட்டம். அபூர்வமாக, விலை உயர்ந்ததாக, பத்துப் பேருக்கு மட்டும் செய்தால் கலை. பத்தாயிரம் பேர் கட்டிக்கொண்டால் சரக்கு.

அப்போ சட்டம் தப்பா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு சேலை டிசைனுக்கும் ஆயுள் முழுக்க, பிறகு 60 வருடம் என்று தனி உரிமை கொடுத்தால் என்ன ஆகும்? பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கான டிசைன்களை வளைத்துப் போட்டுவிடும். சின்னத் தறிக்காரர் ஒரு மாங்காய் போடவே வக்கீலைப் பார்க்க வேண்டி வரும். மாங்காய், ருத்ராட்சம், கோபுரம், அன்னப்பட்சி, மயில் சக்கரம் எல்லாம் யாருக்கும் சொந்தமில்லை என்பதால்தான் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கின்றன. ஒருவர் போட்டதைப் பார்த்து இன்னொருவர் சற்று மாற்றிப் போடுவதில்தான் ஃபேஷன் உயிர் வாழ்கிறது.

அதனால் 15 வருடம் என்பது நியாயமான பேரம்தான். சிக்கல் வேறு இடத்தில். பெரிய பிராண்டுக்கு லீகல் டீம் இருக்கிறது, வெளியிடும் முன்பே பதிவு செய்துவிடும். தாரமங்கலத்திலோ ஜலகண்டாபுரத்திலோ டிசைன் போடுபவருக்கு அப்படி ஒரு படி இருப்பதே தெரியாவிட்டால், 51-வது சேலையோடு அவர் உழைப்பு பொதுச் சொத்து. சட்டம் இருவரையும் ஒரே மாதிரி நடத்துகிறது, ஆனால் இருவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

புவிசார் குறியீடு போதாதா?

'சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கே' என்று கேட்கலாம். இருக்கிறது. கல்யாண மாப்பிள்ளை கட்டும் வெள்ளைப் பட்டு வேட்டி என்றாலே சேலம்தான் என்ற பெயர் அம்மாப்பேட்டை, குகை போன்ற பகுதிகளின் தறிகளில் இருந்து வந்தது. அந்தப் பெருமைக்குச் சட்ட அங்கீகாரம்தான் அந்தக் குறியீடு. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரை சுங்குடி ஆகியவற்றுக்கும் உண்டு.

ஆனால், குறியீடு காப்பாற்றுவது பெயரை. வேறு ஊரில் நெய்துவிட்டு 'சேலம் வெண்பட்டு' என்று விற்க முடியாது. அதே தோற்றத்தில் செய்து, வேறு பெயரில் விற்றால்? தடுப்பது கஷ்டம்.

2025 ஜூனில் நடந்தது நினைவிருக்கும். மிலன் நகர மேடையில் பிராடா நிறுவனம் காட்டிய செருப்பு, அச்சு அசல் கோலாப்பூரி. கோலாப்பூரி செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு உண்டு. பிராடா அந்தப் பெயரைப் பயன்படுத்தவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், இந்தியக் கைவினை மரபில் இருந்து வந்த உந்துதல் என்று ஒப்புக்கொண்டது. அங்கே வேலை செய்தது சட்டத்தை விட, சோஷியல் மீடியாவில் எழுந்த சத்தம்.

இன்னொன்று, குறியீடு ஊருக்குப் பெயர் தருகிறது, ஆளுக்குத் தருவதில்லை. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 35 லட்சம் பேர் கைத்தறி நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குள். 'கலை' என்று மேடையில் புகழ்வதற்கும் இந்த நம்பருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுச் சேலைகளில், நெய்தவரின் போட்டோவும் பெயரும் உள்ள அட்டையை இணைத்து விற்றது. ஓவியத்தின் மூலையில் கையெழுத்து இருப்பது போலத்தான் இதுவும். கேட்க சின்ன விஷயம், ஆனால் 'பட்டுச் சேலை' என்பது 'இன்னார் நெய்த பட்டுச் சேலை' ஆகிறது.

கடைசியில் பதில்தான் என்ன?

'ஃபேஷன் கலையா?' என்ற கேள்வியே கொஞ்சம் தவறாகக் கேட்கப்படுகிறது. 'சினிமா கலையா?' என்று கேட்டால் 'சில படங்கள் கலை, பல படங்கள் பொழுதுபோக்கு' என்போம். சினிமா ஓர் ஊடகம். ஃபேஷனும் அப்படித்தான். கல்யாண மண்டப வாசலில் இருக்கும் ஃபிளெக்ஸ் பேனர் எல்லாம் ஓவியக் கலை ஆகாது. அதுபோல ஆன்லைன் ஆஃபரில் வரும் டி-ஷர்ட் எல்லாம் கலை ஆகாது.

ஓர் ஆடை கலையா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். தேவைக்கும் விலைக்கும் மீறி, யாரோ ஒருவர் யோசித்து எடுத்த முடிவு அதில் தெரிகிறதா? அந்த முடிவை எடுத்துவிட்டால் அந்த ஆடை வேறொன்றாக மாறிவிடுமா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அது கலைதான். பாரிஸ் கவுனாக இருந்தாலும் சரி, வெண்பட்டு வேட்டியின் இரண்டு விரல் ஜரிகைக் கரையாக இருந்தாலும் சரி. எத்தனை பிரதி வந்தது, மியூசியத்தில் வைத்தார்களா, யார் உடுத்தினார்கள் என்பதெல்லாம் சந்தையும் சட்டமும் வைத்த அளவுகோல்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

டிசைனராக இருந்தால்: கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்தில் ஜவுளி, ஆடை வடிவமைப்புக்குத் தனித் துறை இருக்கிறது. சேலத்தில் 1960 முதல் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இயங்குகிறது. படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும் ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் டிசைன் பதிவு, பிறகு இன்ஸ்டா போஸ்ட். விண்ணப்பத்தை ஆன்லைனிலேயே செய்யலாம். வரைந்த ஃபைல்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள், நாளை தகராறு என்று வந்தால் அதுதான் சாட்சி.

தறி வைத்திருப்பவராக இருந்தால்: டிசைன் போட்டுக் கொடுத்தவரிடம் உரிமை யாருக்கு என்று ஒரு பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு 51-வது சேலைக்கு மேல் நிற்காது.

வாங்குபவராக இருந்தால்: கைத்தறி என்று சொல்லி விற்றால் கைத்தறி முத்திரை, பட்டு என்றால் சில்க் மார்க் இருக்கிறதா என்று பாருங்கள். விசைத்தறிச் சேலை வாங்குவதில் தப்பில்லை, இளம்பிள்ளையில் அதை நம்பியும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். விசைத்தறியைக் கைத்தறி என்று சொல்லி விற்பதுதான் தப்பு.

அடுத்த முறை கடையில் 'இதே டிசைன் வேற கலர்ல இருக்குங்களா?' என்று கேட்கும்போது, கூடவே 'இது யாருங்க போட்ட டிசைன்?' என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கடைக்காரருக்குப் பதில் தெரியாது. நாலு பேர் கேட்க ஆரம்பித்தால், தெரிந்து வைத்துக்கொள்ள அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.